அரை மில்லிமீட்டர் மலை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "நட்சத்திர ஆராய்ச்சி" என்பேன். இப்போதெல்லாம் "கம்ப்யூட்டர் வேலை" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஏனென்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "அப்படியா! எதைக் கண்டுபிடிச்சீங்க?" இருபது வருஷமாக இதற்கு என்னிடம் ஒரே பதில்தான். இன்னும் இல்லை.

நான் தேடுவது ஒரு மலை. சிரிக்காமல் கேளுங்கள். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்துப்போனால் நடுவில் ஒரு கெட்டி உருண்டை மிஞ்சும். அதுதான் நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிட எடை அதிகம், அகலமோ ஒரு நகரத்தைத் தாண்டாது. சிலது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் சுற்றும். மேல்பரப்பு வழவழவென்று இருக்கும். அதில் எங்காவது ஒரு சின்ன மேடு இருந்துவிட்டால் போதும், சுற்றுகிற வேகத்தில் அது விண்வெளியையே அசைத்துவிடும். அந்த அசைவுக்குத்தான் ஈர்ப்பலை என்று பெயர். நிற்காமல், ஒரே சுருதியில், ரீங்காரம் மாதிரி அது இங்கே வந்துகொண்டே இருக்கும். அதைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த மேட்டை எங்கள் தொழிலில் 'மலை' என்போம். மலையின் உயரம் அரை மில்லிமீட்டர் இருந்தாலே ஜாஸ்தி.

இதை ஒருநாள் பெருமையாக மகளுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸ்கேலை எடுத்து அரை மில்லிமீட்டர் எவ்வளவு என்று பார்த்தாள். அன்றோடு 'அப்பா' என்ற பதவி போயிற்று. "அரை மில்லி எங்கம்மா?" என்று கேட்பாள். "அரை மில்லி குளிக்குது" என்று என் மனைவி பதில் சொல்வாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கோஷ்டி உண்டு. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் முட்டிக்கொள்ளும்போது கிளம்புகிற அலையைப் பிடிப்பவர்கள் மோதல் கோஷ்டி. அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. பேட்டி, பாராட்டு, மேடை, புது நாற்காலிகள் எல்லாமும் கிடைத்தன. ஒற்றை நட்சத்திரத்தின் முனகலைத் தேடுபவர்கள் ரீங்காரக் கோஷ்டி. அதில் முன்பு நிறையப் பேர் இருந்தோம். ஒவ்வொருவராக அந்தப் பக்கம் தாவிவிட்டார்கள். இப்போது கோஷ்டி என்றால் நானும் என் பழைய நாற்காலியும்தான். அதிலும் நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதிப்பவள். சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பட்டன் கிடையாது. சத்தம் வந்த பக்கம் குழந்தை திரும்பினால், அங்கே இருக்கும் மேளம் அடிக்கிற முயல் பொம்மைக்கு விளக்குப் போட்டுக் காட்டுவாள். குழந்தை வாயைப் பிளந்து சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சத்தமே அனுப்பாதபோதும் பட்டனை அமுக்குகிறவர்கள் இருக்கிறார்களாம். பொய் சொல்வதில்லையாம், ஆசையாம். கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. "அவங்களுக்கு நிஜமாவே கேக்கும்ங்க, பாவம்" என்பாள். நானும் பாவம்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வேறொரு ஊரில் குழந்தைகளுக்கென்றே ஒரு காது மையம் தொடங்கப் பல வருஷமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தலைமை ஏற்று நடத்த வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். இது மூன்றாவது அழைப்பு. முதல் தடவை கூப்பிட்டபோது, அலையைப் பிடிக்கிற எங்கள் கருவி அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. "இந்த நேரத்துல நான் எப்படி வர்றது?" என்றேன். அவள் மறுத்துவிட்டாள். இரண்டாவது தடவை எனக்கு 'கிட்டத்தட்ட' ஏதோ கிடைத்திருந்தது. அதுவும் போயிற்று, அவளுடைய வாய்ப்பும் போயிற்று. இந்தத் தடவை பதில் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். இதற்கு மேல் அவர்கள் கேட்கமாட்டார்கள். நான் வழக்கம்போல "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். முகத்தைத் தொங்கப் போடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

இந்த நிலைமையில்தான் திங்கட்கிழமை வந்தது.

காலையில் டீயை வைத்துக்கொண்டு திரையைத் திறந்தேன். என் திரையில் எப்போதும் புல்தரை மாதிரிதான் ஏதாவது தெரியும். எல்லாம் இரைச்சல், எல்லாம் ஒரே உயரம். அன்றைக்கு அந்தப் புல்லுக்கு நடுவில் ஊசி மாதிரி ஒற்றைக் கோடு நிமிர்ந்து நின்றது. டீ கீபோர்டில் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை.

பதறக்கூடாது, சோதிக்க வேண்டும். போன வருஷத்துத் தரவைப் போட்டேன். அதே இடத்தில் ஊசி வந்தது. அதற்கு முந்தின வருஷத்தைப் போட்டேன். வந்தது. வேறு இடத்தில் இருக்கும் இன்னொரு கருவியின் தரவைப் போட்டேன். அதிலும் வந்தது. சமத்துப் பிள்ளை மாதிரி கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தது. இவ்வளவு சமத்தாக இருக்கும் எதையும் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். நானோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரேக். எது வேகமாகப் போனாலும் நிறுத்திவிடுவார். அவரே திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் காட்டுங்க. அதுவரைக்கும் அந்த அதிர்வெண்ணை யார்கிட்டேயும் சொல்லக்கூடாது. பொண்டாட்டிகிட்டேகூட" என்றார். அது எங்கள் வழக்கம். எண் வெளியே கசிந்தால் ஆளாளுக்கு அதே இடத்தில் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

எண்ணைத்தான் சொல்லக்கூடாது. விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா? கால் தரையில் பாவாமல் வீட்டுக்குப் போனேன். மனைவி சமையலறையில் நின்றிருந்தாள்.

"கிடைச்சிருச்சு" என்றேன்.

"என்ன கிடைச்சிருச்சு? அந்தத் தொலைஞ்ச சாவியா?"

"மலை!"

கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ வருஷம் கழித்து அவள் அப்படிக் கட்டிக்கொண்டாள். "நிஜமாவா? நல்லாப் பாத்தீங்களா? சத்தியமா?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள். மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அரை மில்லி ஜெயிச்சிருச்சா?" என்று அவளும் வந்து ஒட்டிக்கொண்டாள். மூன்று பேரும் அடுப்பில் குழம்பு தீய்கிற வரை அப்படியே நின்றோம்.

பிறகு மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அப்பாடா. அப்ப நான் அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் போட்டிருந்த கணக்கே வேறு. புருஷன் உலகப் புகழ் பெறப்போகிறான், இவள் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிக்க வேண்டாமா? "இப்பவா? இப்பத்தானே கிடைச்சிருக்கு. இப்பப் போய்..." என்று இழுத்தேன்.

"கிடைச்சதாலதான் போறேன்" என்றாள். "ஒண்ணுமே கிடைக்காத மனுஷனை எப்படிங்க தனியா விட்டுட்டுப் போறது? சாயந்திரம் வந்து சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பீங்க. ரெண்டு தடவையும் அதுக்காகத்தான் வேண்டாம்னேன். இப்ப உங்களுக்கு ஒரு நட்சத்திரம் இருக்கு. இனிமே நான் கவலையில்லாம போகலாம்."

எனக்காக மறுத்தாள் என்று தெரியும். என் ஆராய்ச்சியின் மேல் இருந்த மதிப்பால் மறுத்தாள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரக்கத்தால் மறுத்திருக்கிறாள். விஞ்ஞானி என்று என்னை நானே தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், வீட்டிலோ என்னை ஒரு நோயாளியாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சரி, அதனால் என்ன, நட்சத்திரம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு கூட்ட அறைக்குப் போனேன். மோதல் கோஷ்டி மொத்தமும் வந்திருந்தது. நான் படம் படமாகக் காட்டினேன். குரலில் ஒரு கம்பீரம் வேறு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. முடித்ததும் கை தட்டினார்கள். மோதல் கோஷ்டியில் ஒரு அம்மா இருக்கிறார். எங்களுக்குள் அவர் பெயர் குறுக்குக் கேள்வி. அவர் கையைத் தூக்கினார்.

"ரொம்ப அழகா இருக்கு. சந்தோஷம். ஒரே ஒரு சின்னச் சந்தேகம். வெறும் இரைச்சலைப் போட்டுப் பாத்தீங்களா?"

"வெறும் இரைச்சல்னா?"

"வானத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. கம்ப்யூட்டரே உருட்டிப் போட்ட சும்மா எண்கள். அதுல இந்த ஊசி வரக்கூடாதுல்ல?"

"வராது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஜாதியா? "இதோ, உங்க கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

போட்டேன். புல்தரை வந்தது. நடுவில் ஊசி வந்தது. அதே இடம், அதே உயரம், அதே சமத்து.

என் முகத்தில் ஈயாடவில்லை. பிரேக் எழுந்து வந்து, என் ப்ரோகிராமைத் திறக்கச் சொன்னார். இருவரும் வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனோம். தேடுகிற ப்ரோகிராம் சரியாகத் தேடுகிறதா என்று பார்க்க, நாங்களே ஒரு பொய் நட்சத்திரத்தைத் தரவில் கலந்துவிட்டுத் தேடச் சொல்வோம். எல்லாரும் செய்வதுதான். பரிசோதனை முடிந்ததும் அந்த வரியை நிறுத்திவிட வேண்டும். என் ப்ரோகிராம் எழுதி இருபது வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் கலந்த பொய் நட்சத்திரத்தை அப்போதே நிறுத்தி வைத்திருந்தேன். போன மாதம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது அந்த வரியின் ஸ்விட்ச் தானாக ஆன் ஆகியிருக்கிறது. ஆக, எந்தத் தரவைக் கொடுத்தாலும் என் ப்ரோகிராம் முதலில் அதற்குள் ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு, பிறகு 'ஆஹா, நட்சத்திரம்!' என்று கண்டுபிடித்துக்கொடுத்திருக்கிறது.

அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பிரேக் அதை உரக்க வேறு படித்தார். "பொய் நட்சத்திரம். நிறுத்த மறந்துவிடாதே, முட்டாளே." எழுதியவன் நான்தான். இருபது வயசு குறைந்த நான், என்னைப் பற்றி அப்போதே சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குறுக்குக் கேள்வி அம்மா என் தோளைத் தட்டி, "எங்க கோஷ்டிக்கு வந்துடுங்களேன், நல்ல நாற்காலி தர்றோம்" என்றார். மானம் கப்பலேறிய பிறகு நாற்காலி எதற்கு? அசடு வழிய நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு நடந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. உண்மையைச் சொன்னால் அவள் போகமாட்டாள். நிச்சயமாகப் போகமாட்டாள். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், இன்னும் பதில் அனுப்பவில்லை. அவள் போகக்கூடாது என்பதுதான் என் ஆசையும். ஆக, நான் யோக்கியனாக இருந்தால் எனக்கே லாபம். என் வாழ்நாளில் இப்படி ஒரு வசதி அமைந்ததே இல்லை. படியேறும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுத் தயார் செய்துகொண்டேன்.

கதவு திறந்திருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சுவரெல்லாம் மெத்தை வச்சுத் தைக்கணும்டி, ஒரு பொட்டுச் சத்தம் உள்ள வரக்கூடாது. முயல் பழசாயிடுச்சு, மேளம் அடிக்கிற கை ஒண்ணு ஆடவே மாட்டேங்குது, புதுசா நாலு வாங்கணும். பொறந்து மூணு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சாப் போதும்டி, அந்தப் பிள்ளை பேசிடும். இங்க வர்றதெல்லாம் மூணு வயசுல வருது, அதுக்கப்புறம் நான் என்னத்தைச் செய்யறது..." மூச்சு விடாமல் பேசினாள். நடுவில் சிரித்தாள். அந்தக் குரலைக் கேட்டு நாளாயிற்று. எங்கள் வீட்டில் அந்தக் குரல் இருக்கிறது என்பதே எனக்கு மறந்திருந்தது. அவளுக்கு வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சுத்தமாகத் தெரிந்திருக்கவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எப்படி இருந்துச்சு? கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க" என்றேன். அது உண்மைதானே.

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"சந்தோஷம்" என்றேன். மகள் என்னையே உற்றுப் பார்த்தாள். "அரை மில்லி சந்தோஷமா இருந்தா இப்படியா இருக்கும்?" என்றாள். பசிக்கிறது என்று சொல்லி வாயில் சோற்றை அடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மனைவி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். "எழுதிட்டேன். ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

படித்தேன். நாலே வரி. தங்கள் அழைப்பை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன் என்று இருந்தது. எழுத்துப் பிழை ஏதாவது இருக்குமா, அதைச் சாக்கிட்டு இன்னும் கொஞ்ச நேரம் தள்ளலாமா என்று தேடினேன். பாவி, ஒரு பிழைகூட விடவில்லை.

"அனுப்பட்டுமா?" என்றாள். விரல் கீபோர்டுக்கு மேல் நின்றது. "உங்க நட்சத்திரம் நல்லா இருக்குல்ல?"

"சௌக்கியமா இருக்கு" என்றேன். "அனுப்பு."

அனுப்பினாள். மெயில் கிளம்பிப் போகிற அந்தச் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். நான் டீயை எடுத்தேன், சட்டையில் சிந்தியது. எதையும் மறைக்கத் தெரியாதவனுக்கு அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததே பெரிது.

"நட்சத்திரம் இல்ல" என்றேன்.

"என்னது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். வெறும் இரைச்சல், பொய் நட்சத்திரம், ஸ்விட்ச், முட்டாளே என்ற குறிப்பு வரைக்கும். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே அனுப்புன்னு சொன்னீங்களா? முன்னாடியே ஏங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போக மாட்டே."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மறுப்பு எழுதப் போகிறாளோ என்று எனக்குப் பதறியது. போகாதே என்று கத்த வேண்டும்போலவும் இருந்தது, எழுதாதே என்று கையைப் பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தப் பொய் நட்சத்திரத்தோட எண்ணு என்ன? இப்ப சொல்லலாம்ல?"

"இருநூத்தி எழுபத்தெட்டு புள்ளி சைபர் நாலு."

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "இருபத்தேழாம் தேதி. எட்டாம் மாசம். நாலாம் வருஷம்."

எனக்குப் புரியவில்லை. அது அவளுக்குப் புரிந்தது.

"நம்ம கல்யாண நாளுங்க."

அந்த ப்ரோகிராமைக் கல்யாணமான புதிதில் எழுதினேன். எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். ஆசையாகத் தேடி இதைப் போட்டிருக்கிறேன். "நான்தான் போட்டேன். அப்ப அவ்வளவு பிரியமா இருந்திருக்கேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமான வார்த்தை என்று தெரிந்தது.

"நாலு நாளா அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. கண்ணீர் விட்டீங்க. எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டினீங்க. அது என்னன்னு மட்டும் தெரியல." அவள் கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு அது சிரிப்பில்லாமல் ஆயிற்று. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. தலையைத் தொட்டேன். தட்டிவிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "ஒண்ணும் கிடைக்காமலே இருந்துக்குவீங்களா?"

"இருந்துக்குவேன்" என்றேன்.

அது பொய். பொய்யென்று அவளுக்கும் தெரியும். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எதையும் எழுதாமல் லேப்டாப்பை மூடிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று குளிக்கப் போனாள்.